வெள்ளத்தில் தப்பிய 8600 ஜிடி கார்டு, விண்டோஸ் 11-ல் கருப்புத் திரை: என்ன செய்யலாம்?

ஆத்தங்கரை வீடு | சிந்துபூந்துறை

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் 2006 முதல் 2012 வரை வண்ணாரப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஆறு சிஸ்டம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. பாதிப் பேர் கவுண்டர் ஸ்டிரைக், மீதிப் பேர் வைஸ் சிட்டி. 2012 மின்வெட்டில் பேட்டரி வாங்கியே கட்டுப்படியாகவில்லை. கடையை மூடிவிட்டு மஸ்கட் போய்விட்டான்.

சிஸ்டங்களை எல்லாம் வீட்டில் கீழே அடுக்கி வைத்திருந்தோம். 2023 டிசம்பரில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து அத்தனையும் போயிற்று. சேற்றோடு அள்ளித்தான் வெளியே போட்டோம். பரண்மேல் இருந்த ஒரு பெட்டி மட்டும் தப்பியது. அதற்குள் மூன்று கிராபிக்ஸ் கார்டு: ஜீஃபோர்ஸ் 8600 ஜிடி, ரேடியான் எச்டி 4650, அப்புறம் ஏஜிபி என்ற பழைய ஸ்லாட் வகையில் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200.

பொங்கலுக்கு அண்ணன் லீவில் வருகிறான். அவன் கடையில் ஓடிய அதே கார்டில் அவனோடு ஐஜிஐ, வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட வேண்டும் என்று ஆசை. என்னிடம் 8-ஆம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11. அதில் 8600 ஜிடியைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. கார்டு செத்துவிட்டதா?

பாளைசர்வீஸ் | பாளையங்கோட்டை

தம்பி, செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். 8600 ஜிடி 2007-ல் வந்தது. அந்தக் காலத்துக் கார்டுகளின் உள்ளே இருக்கும் பயாஸ் (எழும்போது முதலில் ஓடும் நிரல்) பழைய முறையில் மட்டும் பேசும். இப்போதைய மதர்போர்டுகள் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் எழுபவை. கம்ப்யூட்டர் எழும்போது கார்டிடம் ஜிஓபி என்ற சின்ன நிரலை எதிர்பார்க்கும். சுமார் 2012-க்கு முந்தைய கார்டுகளில் அது கிடையாது. அதனால்தான் கார்டு நன்றாக இருந்தாலும் திரையில் ஒன்றும் வராது.

மானிட்டரை போர்டின் சொந்த வெளியீட்டில் மாட்டி பயாசுக்குள் போங்கள். முதலில் 'செக்யூர் பூட்' (Secure Boot) என்ற அமைப்பை நிறுத்துங்கள். அப்புறம் பழைய முறையிலும் எழ வைக்கும் சிஎஸ்எம் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். 8-ஆம் தலைமுறை போர்டில் பெரும்பாலும் இருக்கும். அதற்குப் பின்னால் வந்த பல போர்டுகளில் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். அவற்றில் இந்தக் கார்டை வைத்து மல்லுக்கட்டிப் பயனில்லை.

இன்னொன்று. பதினொரு வருசம் பரணில் கிடந்த கார்டு. ஸ்லாட்டில் செருகும் தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடையுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிது தடவுங்கள். அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். ஃபேன் இரைந்தால் ஸ்டிக்கருக்குக் கீழே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று.

எஃப்எக்ஸ் 5200 இந்தப் போர்டில் ஏறாது. ஏஜிபி வேறு ஸ்லாட். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆத்தங்கரை வீடு

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி சிஎஸ்எம் போட்டதும் படம் வந்துவிட்டது! கார்டு உயிரோடு இருக்கிறது. ஆனால் விண்டோசுக்குள் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றுதான் காட்டுகிறது. ஐஜிஐ திறக்கவே மறுக்கிறது. எந்த டிரைவர் போட வேண்டும்?

சாரல் | தென்காசி

தம்பி, டிரைவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது தெரிந்தால் உங்கள் மூன்று கார்டில் எது எங்கே ஓடும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி வரை கிராபிக்ஸ் டிரைவர் (கார்டையும் விண்டோசையும் பேச வைக்கும் நிரல்) எழுதும் முறை ஒன்று. 2007-ல் விஸ்டா வந்தபோது டபிள்யூடிடிஎம் என்ற புது முறையைக் கொண்டுவந்தார்கள். விண்டோஸ் 7 வரை பழைய முறை டிரைவரையும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 8-ல் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். எஃப்எக்ஸ் 5200 எக்ஸ்பி காலத்துக் கார்டு.

8600 ஜிடி உள்ளே வந்த கார்டு, ஆனால் பாதியில் கைவிடப்பட்டது. ஜீஃபோர்ஸ் கார்டுகளைச் செய்யும் என்விடியா 8, 9, 100, 200, 300 வரிசைகளுக்கு விண்டோசில் கொடுத்த கடைசி டிரைவர் 342.01, 2016 டிசம்பர். அது விண்டோஸ் 10-க்கானது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டைரக்ட்எக்ஸ் (விளையாட்டுகள் கார்டிடம் வேலை கேட்கும் விண்டோஸ் வழி) 12-க்கு ஒத்துவரும் கார்டும் டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவரும். 8600 ஜிடி டைரக்ட்எக்ஸ் 10 கார்டு. எப்படியாவது டிரைவரை ஏற்றினாலும் நாளைக்கு ஒரு அப்டேட் வந்து கலைத்துவிட்டால் கேட்க ஆளில்லை. அன்றாடம் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

எச்டி 4650-க்கும் விண்டோசில் இதே நிலைதான். ரேடியான் கார்டுகளின் நிறுவனமான ஏஎம்டி எச்டி 2000, 3000, 4000 வரிசைகளை 2012-லேயே பழையது என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் விண்டோசுக்கு மாற்றான இலவசத் தளம் லினக்சில் அந்தக் கார்டுக்கு இன்றும் உயிர் இருக்கிறது. காரணம், 2007 செப்டம்பரில் ஏஎம்டி தன் சிப்புகளின் விவரங்களைத் திறந்துவிடுவதாக அறிவித்துக் கொடுக்கத் தொடங்கியது. அதைப் படித்து வெளியாட்கள் டிரைவர் எழுதினார்கள். லினக்சின் மையப் பகுதியான கெர்னலில் இன்றும் ரேடியான் டிரைவர் கூடவே வருகிறது. லினக்சின் கிராபிக்ஸ் நிரல் தொகுப்பான மெசாவில் உங்கள் கார்டுக்கான ஆர்600 பகுதி இருக்கிறது. அதைவிடப் பழைய ரேடியான் 9600-க்கான ஆர்300 பகுதிகூட இன்னும் நீக்கப்படவில்லை.

என்விடியா பக்கம் அப்படி ஆவணம் கிடைக்காததால், நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதியவர்கள் கார்டு என்ன செய்கிறது என்று கவனித்துக் கவனித்தே எழுத வேண்டியிருந்தது. படம் வரும், டெஸ்க்டாப் ஓடும். ஆனால் பல கார்டுகள் எழும்போது இருந்த குறைந்த கடிகார வேகத்திலேயே நின்றுவிடும். நிறுவனத்தின் சொந்த லினக்ஸ் டிரைவரில் 8600-க்குக் கடைசி 340.108, 2019 டிசம்பர். புதுக் கெர்னலில் ஒட்டு (பேட்ச்) போடாமல் ஏறாது.

ஆகவே என் கருத்து: 8600-ஐ எடுத்து வைத்துவிட்டு 4650-ஐ எடுங்கள்.

வள்ளியூர்க்காற்று | வள்ளியூர்

சகோ, நான் வேறு மாதிரி சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது விளையாட்டா, கார்டா? விளையாட்டு என்றால் கார்டையே கழற்றிவிடுங்கள். உங்கள் ஐ5-க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்சே போதும்.

ஐஜிஐ புது விண்டோசில் ஓடாததற்கு முக்கியக் காரணம் கார்டு இல்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினை, பலர் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கார்டுக்கு டிரைவர் இல்லை என்பது ஒன்று. டைரக்ட்எக்சின் பகுதிகளான பழைய டைரக்ட்டிரா (2டி), டைரக்ட்3டி கேட்கும் சில வேலைகளை இன்றைய விண்டோஸ் செய்வதில்லை என்பது இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் 8 பிட், 16 பிட் வண்ண முறைகள் நிஜத்தில் கிடையாது. இருப்பது போலப் பாவனை செய்து காட்டுகிறது. அதில்தான் வேகம் செத்துப்போகிறது. விண்டோஸ் 7-ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: புல் எல்லாம் ஊதா, தண்ணீர் எல்லாம் சிவப்பு. எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு விளையாடுவோம். அதுவும் இந்த 256 வண்ணப் பலகைத் தகராறுதான்.

மருந்து டிஜிவூடூ 2 என்ற நிரல். டைரக்ட்எக்ஸ் 9 வரையிலான விளையாட்டுகளும், 90-களின் வூடூ கார்டுக்காக எழுதிய கிளைடு விளையாட்டுகளும் கேட்பதை வாங்கி டைரக்ட்3டி 11 அல்லது 12 ஆக மாற்றிக் கொடுக்கும். ஐஜிஐ மாதிரி பழசுக்கு, அதன் 32 பிட் கோப்புகளில் டிடிரா, டி3டிஇம் என்ற இரண்டையும் விளையாட்டு இருக்கும் ஃபோல்டரில் போட வேண்டும். வைஸ் சிட்டி டைரக்ட்எக்ஸ் 8, அதற்கு டி3டி8 கோப்பு. அவ்வளவுதான், எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி முழுக்க 2டி என்றால் சிஎன்சி-டிடிரா என்ற இதே மாதிரி நிரலும் நன்றாக இருக்கும்.

வைஸ் சிட்டியில் ஃபிரேம் லிமிட்டரை (படம் ஓடும் வேகத்துக்கான வரம்பு) மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் வண்டி ஓட்டமே மாறிவிடும். 2005, 2006 வாக்கில் வந்த விளையாட்டுகள் டி3டிஎக்ஸ்9 கோப்பைக் காணோம் என்று சொன்னால், மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

அம்பை98 | அம்பாசமுத்திரம்

வள்ளியூர் அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரி, நானும் அலுவலக லேப்டாப்பில் அப்படித்தான் விளையாடுகிறேன். ஆனால் தம்பி கேட்டது அண்ணன் கடையில் ஓடிய கார்டில் விளையாட வேண்டும் என்று. அது நியாயமான ஆசை. அதை நாம் தள்ளிவிடக் கூடாது.

பழைய கார்டுகள் சில வேலைகளைச் சிப்பிலேயே செய்தன. எஃப்எக்ஸ் வரிசை வரை 8 பிட் பேலட் டெக்ஸ்சர் (256 வண்ணப் பலகையில் வரைந்த மேற்பரப்புப் படம்) வசதி சிப்பிலேயே இருந்தது. 6 வரிசையில் எடுத்துவிட்டார்கள். 2002-ல் வந்த ஸ்பிளின்டர் செல்லில் ஜன்னல் கம்பியின் நிழல் ஆள்மேல் கோடு கோடாக விழும். ஜீஃபோர்ஸ் 3 முதல் எஃப்எக்ஸ் வரை அந்த நிழல் ஒழுங்காக வரும். அப்புறம் வந்த கார்டுகளில் காணாமல் போயிற்று. டிஜிவூடூ 2 அதைத் திரும்பக் கொண்டுவந்தது, அதற்காக அதை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் எஃப்எக்ஸ் கார்டில் எந்த ஒட்டும் இல்லாமல் அது தானாக வருவதைப் பார்க்கும்போது மனதுக்கு ஒன்று படுகிறது. அதை எழுத்தில் சொல்ல வரவில்லை.

சத்தமும் அப்படித்தான். சவுண்ட் கார்டு நேராகச் செய்த 3டி ஒலியை விஸ்டாவில் வெட்டிவிட்டார்கள். எக்ஸ்பியில் கேட்டால் பின்னாலிருந்து வரும் காலடி பின்னால்தான் கேட்கும்.

நான் பழைய இரும்புக் கடையிலிருந்து 17 அங்குல சிஆர்டி (பழைய குழாய் வகை) மானிட்டர் ஒன்று எடுத்து வந்து வைத்திருக்கிறேன். 640-க்கு 480 படத்தை எல்சிடியில் போட்டால் நீட்டிக் குழப்பும். சிஆர்டியில் அது அப்படியே நிற்கும். சிஆர்டிக்கு அனலாக் வெளியீடு வேண்டும். என்விடியாவில் 900 வரிசையோடு அது முடிந்தது, 10 வரிசையில் கிடையாது. பழைய கார்டுகளை எடுத்து வைக்க இது ஒரு காரணமே போதும்.

காசு கொடுத்து வாங்கிய சிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டுப் போட்ட சிடிகளை 2015-ல் வந்த விண்டோஸ் 10 ஏற்காது. அந்த பூட்டுக்கான டிரைவர் பாதுகாப்புக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பியில் அதே சிடி ஒழுங்காக ஓடும்.

திசையன்விளை | திசையன்விளை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு பழைய கார்டு இருக்கிறது, திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. அடுப்பில் வைத்துச் சுட்டால் சரியாகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். வீட்டில் ஓவன் இல்லை, தோசைக்கல்லில் வைத்துப் பார்க்கலாமா?

பாளைசர்வீஸ்

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். சிப்புக்குள்ளே இருக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகளில் விரிசல் விட்டிருக்கும். சூடு பட்டதும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், ஒரு மாதம் ஓடும், திரும்பப் போய்விடும். போர்டைச் சுட்டால் வரும் புகை சாப்பாட்டுப் பாத்திரத்தில் படியக் கூடாத புகை. அந்தக் கல்லில் அப்புறம் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்ற முடியாது. கோடு வருவது மெமரி சிப்பாகவும் இருக்கலாம். ஹாட் ஏர் (சூடான காற்றால் சிப் கழற்றும் கருவி) வைத்திருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, ஆகாது என்றால் விட்டுவிடுங்கள்.

வேறு வாங்குவதாக இருந்தால் கவனம். இணையத்தில் ரொம்ப மலிவாக வரும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ சிலவற்றில் உள்ளே இருப்பது என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறைச் சிப். பயாசை மாற்றி எழுதிப் பேரை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஃபெர்மிக்கு விண்டோஸ் டிரைவர் 391.35-ஓடு 2018-ல் நின்றுபோயிற்று. வாங்கியவுடன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் நிரலைப் போட்டுப் பாருங்கள், போலி என்றால் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

ஆத்தங்கரை வீடு

வள்ளியூர் அண்ணாச்சி, நேற்று ராத்திரி கார்டைக் கழற்றிவிட்டு டிஜிவூடூ 2 போட்டேன். ஐஜிஐ முதல் மிஷன் முழுக்க ஓட்டினேன், ஒரு தடங்கல் இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்சும் சரியான வண்ணத்தில் வருகிறது. நன்றி.

ஆனால் அம்பை அண்ணாச்சி சொன்னதுதான் மனதில் நிற்கிறது. அந்த ஆறு சிஸ்டத்தில் மிச்சம் இருப்பது இந்தக் கார்டுகள் மட்டும்தான். அண்ணன் கையால் திருகிய திருகாணி. அவன் முன்னால் அது ஓட வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு பழைய சிஸ்டம் எடுத்தால் எவ்வளவு பழையது எடுக்க வேண்டும்?

பாளைசர்வீஸ்

கோர் 2 டுயோ போதும், ஜி31 அல்லது ஜி41 போர்டு. ஜங்ஷன் பக்கத்து சர்வீஸ் கடைகளில் கேட்டால் மூலையில் கிடக்கும். வாங்கும் முன் போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ மேலே பழுப்பாகக் கசிந்திருந்தாலோ வேண்டாம், அல்லது மாற்றித்தான் எடுக்க வேண்டும். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இந்தச் சீக்கு அதிகம்.

எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கரண்ட் ஏற்ற இறக்கத்தில் பதினைந்து வருசம் அடி வாங்கியது. அது போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். 4650-க்குத் தனி மின் இணைப்புத் தேவையில்லை, ஸ்லாட்டில் வருவதே போதும். ஆகவே நல்ல 400 வாட் ஒன்று புதிதாக வாங்கினால் தாராளம்.

சாரல்

அந்த சிஸ்டத்தில் இரண்டு இயங்குதளங்களைப் போடுங்கள் தம்பி. முதலில் எக்ஸ்பி, அப்புறம் லினக்ஸ் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இந்த வரிசையை மாற்றினால் எக்ஸ்பி வந்து லினக்சைத் தொடங்கி வைக்கும் நிரலை அழித்துவிடும். எக்ஸ்பி நிறுவும்போது 7பி என்று நீலத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். பயாசில் சாட்டாவை (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) ஏஎச்சிஐ முறையிலிருந்து பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுங்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஓடு முடிந்துவிட்டது, அதனால் அதில் இணைய வயரை மாட்டவே கூடாது. கோப்பு ஏற்றுவதை எல்லாம் மின்ட்டிலிருந்தே செய்யுங்கள்.

மின்ட்டில் 4650-க்கு நீங்கள் எந்த டிரைவரும் தேட வேண்டாம். கார்டைப் போட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும். விளையாட்டுக்கு, விண்டோஸ் நிரல்களை லினக்சில் ஓட்டும் வைன் போதும். வைன் பழைய டைரக்ட்எக்சை லினக்ஸ் டிரைவருக்குப் புரியும் ஓபன்ஜிஎல்லாக மாற்றிக் கொடுக்கும். இணையத்தில் எல்லாரும் டிஎக்ஸ்விகே போடு என்பார்கள், அது வல்கன் என்ற புது கிராபிக்ஸ் முறையைக் கேட்கும், உங்கள் கார்டில் வல்கனே கிடையாது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொரு நல்ல செய்தி: 90-களின் விளையாட்டுகள் பலவற்றின் நிறுவும் நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. வைன் 64 பிட் லினக்சிலும் அதை ஓட்டிவிடுகிறது.

ஆத்தங்கரை வீடு

மூன்று வாரம் ஆகிவிட்டது, விவரம் சொல்கிறேன்.

ஜி41 போர்டு ஒன்று கிடைத்தது. இரண்டு கெபாசிட்டர் உப்பியிருந்தன, பாளை அண்ணாச்சி கடைக்கே கொண்டுபோய் மாற்றினேன். அண்ணாச்சி காசு வாங்க மறுத்துவிட்டார்கள். 4650-ஐப் போட்டு, சாரல் அக்கா சொன்ன வரிசையில் எக்ஸ்பியும் மின்ட்டும் ஏற்றினேன். 7பி நீலத் திரை அப்படியே வந்தது, ஐடிஇ ஆக்கியதும் போய்விட்டது.

மின்ட்டில் வைஸ் சிட்டி 1024-க்கு 768-ல் அருமையாக ஓடுகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்சும் அப்படியே. ஐஜிஐ வைனில் ஓடியது, ஆனால் மெனுவில் எழுத்து மினுக்கியது. எக்ஸ்பியில் எந்தக் குறையும் இல்லை. அதனால் ஐஜிஐ எக்ஸ்பியில்தான் விளையாடுகிறோம்.

8600-ஐயும் அதே போர்டில் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்பியில் பறக்கிறது. மின்ட்டில் நூவோவோடு படம் வந்தது, வைஸ் சிட்டி தள்ளாடியது. அக்கா சொன்னது அப்படியே.

அண்ணன் போகிப் பண்டிகை அன்று காலை வந்து இறங்கினான். பழையதை எல்லாம் கழிக்கிற நாளில் இதை ஹாலில் தூக்கி வைத்திருக்கிறாயே என்று அம்மாவுக்குக் கோபம். அண்ணன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 4650-ன் ஹீட்சிங்க்கில் அவன் மார்க்கரால் எழுதிய "3" இன்னும் இருக்கிறது என்று காட்டினான். மூன்றாம் நம்பர் சிஸ்டம், ஜன்னல் ஓரம். அதில் யார் யார் உட்கார்ந்தார்கள், யார் எவ்வளவு பாக்கி வைத்தார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னான். அதற்கு அப்புறம்தான் கீபோர்டையே தொட்டோம்.

இனி எஃப்எக்ஸ் 5200 மட்டும் பாக்கி. ஏஜிபி போர்டு யாரிடமாவது இருக்கிறதா?

அம்பை98

என்னிடம் இன்டெல் 865 போர்டு ஒன்று பென்டியம் 4-ஓடு சும்மா இருக்கிறது. ஸ்பிளின்டர் செல் சிடியும் இருக்கிறது. அண்ணன் ஊருக்குப் போவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அம்பைக்கு வாருங்கள். பாபநாசத்தில் குளித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டுவிட்டு ஜன்னல் நிழல் விழுகிறதா என்று பார்ப்போம்.

ஆத்தங்கரை வீடு

வருகிற ஞாயிறே வருகிறோம் அண்ணாச்சி. அண்ணன் இப்போதே கார்டின் காலை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.